மாற்று பேட்ஸ்மேன்களும் திருவனந்தபுரமும்

2019 டிசம்பர் 8ந் தேதி. திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டி20 ஆட்டம். புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் இரண்டு கேட்ச்கள் நழுவின. ஒன்றை விட்டது வாஷிங்டன் சுந்தர், இன்னொன்றை விட்டது விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த். உடனே கூட்டம் "சஞ்சு, சஞ்சு" என்று கத்த ஆரம்பித்தது. கேப்டன் கோலிக்குக் கோபம் வந்து, கூட்டத்தைப் பார்த்து என்ன இது என்பது போல் கையைக் காட்டினார். மேற்கிந்தியத் தீவுகள் 8 விக்கெட்டில் ஜெயித்தது.

கூட்டம் செய்தது நியாயமா இல்லையா என்று அன்று எல்லோரும் விவாதித்தார்கள். என்னைக் கேட்டால் பந்தை நோகடித்தது தப்புதான். ஆனால் அந்தக் கூட்டம் ஏன் அப்படிக் கத்தியது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சஞ்சு சாம்சன் அந்த ஊர்க்காரர். விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கம். ஷிகர் தவானுக்குக் காயம் என்று மாற்றாக அணியில் சேர்க்கப்பட்டிருந்தார். மூன்று ஆட்டங்களிலும், சொந்த ஊர் ஆட்டம் உட்பட, வெளியே உட்கார்ந்திருந்தார்.

மாற்றுக்கும் மாற்றாக இருப்பது என்றால் என்ன என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

கேரளத்துக்கும் கிரிக்கெட் தேர்வுக்கும் உள்ள உறவே விசித்திரமானது. திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் அவர்கள் ரஞ்சி ஆட ஆரம்பித்தது 1951-52ல். மெட்ராஸ், மைசூர், ஹைதராபாத் என்று மூன்று பெரிய அணிகள் இருந்த தென்மண்டலத்தில் மாட்டிக்கொண்டார்கள். வருஷா வருஷம் நாலு ஆட்டம் ஆடி வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். கேரள அணியிலிருந்து ஒருவர் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட 2001 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் டினு யோஹன்னான், வேகப்பந்து வீச்சாளர். அடுத்து வந்த ஸ்ரீசாந்தும் வேகப்பந்துதான். பேட்ஸ்மேன்? 2015 வரை யாரும் இல்லை.

ஆனால் திருவனந்தபுரம் மைதானங்களில் இந்திய பேட்டிங்கின் பிரச்சினைகள் அவ்வப்போது எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தன. 1984 அக்டோபர் 1ல் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா 175க்கு ஆல் அவுட். மழை வந்து முடிவில்லாமல் போனது. அடுத்தது 1988 ஜனவரி 25. அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன் அந்த சீசனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1987 நவம்பரில் டெல்லி டெஸ்டின் முதல் நாளே இந்தியா 75க்கு ஆல் அவுட். மேற்கிந்தியத் தீவுகள் அந்த டெஸ்டை ஜெயித்தது. அடுத்த இரண்டும் டிரா. கல்கத்தாவில் சதம் அடித்த கேப்டன் வெங்சர்க்கார் கையில் அடிபட்டு வெளியேறினார். ஆக சென்னையில் கடைசி டெஸ்டுக்கு கேப்டனும் இல்லை, நம்பிக்கையான பேட்ஸ்மேனும் இல்லை. ரவி சாஸ்திரி கேப்டன் ஆனார். மூன்று புதுமுகங்கள்: நரேந்திர ஹிர்வானி, அஜய் சர்மா, நம்ம ஊர் டபிள்யூ.வி.ராமன். ஹிர்வானியின் 16 விக்கெட்டைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆடுகளத்தில் இரண்டாவது இன்னிங்ஸில் ராமன் அடித்த 83 இல்லாமல் இந்தியா டிக்ளேர் செய்யும் நிலைக்கு வந்திருக்குமா? 255 ரன் வித்தியாசத்தில் வெற்றி, தொடர் 1-1.

பத்து நாள் கழித்து திருவனந்தபுரத்தில் ஒருநாள் ஆட்டம். ஸ்ரீகாந்த் 101 அடித்தார். இந்தியா 239. ஃபில் சிம்மன்ஸ் பதிலுக்கு சதம் அடிக்க, மேற்கிந்தியத் தீவுகள் ஒரே விக்கெட் இழப்பில் முடித்துவிட்டது! அதற்குப் பிறகு அந்த ஊரில் சர்வதேச ஆட்டம் நடக்க 2017 நவம்பர் வரை ஆனது.

ராமன் என்ன ஆனார்? அடுத்த ரஞ்சி சீசனில் 1018 ரன் குவித்தார். ரூசி மோடி 1944-45ல் அடித்த 1008 தான் அதுவரை சாதனை. 1992ல் தென் ஆப்பிரிக்க மண்ணில் ஒருநாள் சதம் அடித்த முதல் இந்தியரும் அவரே. ஆனால் 1988 முதல் 1997 வரை மொத்தம் ஆடியது 11 டெஸ்ட். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. கூப்பிடும்போது வர வேண்டும், போ என்றால் போக வேண்டும்.

இதன் ஆதிக்கதை இன்னும் பழையது. 1959ல் இங்கிலாந்து போன இந்திய அணி முதல் மூன்று டெஸ்டையும் தோற்றது. விஜய் மஞ்ச்ரேக்கருக்கு முழங்கால் பிரச்சினை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பையன் அப்பாஸ் அலி பெய்க்கைக் கூப்பிட்டார்கள். வயது 20. ஓல்ட் டிராஃபோர்டில் முதல் டெஸ்ட். பவுன்சர் பட்டு வெளியே போய், திரும்ப வந்து 112 அடித்தார். இந்தியா அந்த டெஸ்டையும் தோற்றது, தொடரையும் 5-0 என்று தோற்றது. அது வேறு.

அடுத்த சீசனில் பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் அரைசதம். அதற்கடுத்து பாகிஸ்தான் வந்தது, 1960-61. பெய்க் மூன்று டெஸ்ட்களில் சரியாக ஆடவில்லை. எல்லா பேட்ஸ்மேனுக்கும் வருகிற சறுக்கல்தான். ஆனால் அவர் முஸ்லிம், எதிரணி பாகிஸ்தான் என்பதால் வேண்டுமென்றே ஆடவில்லை என்று வசைக் கடிதங்கள் வந்தன. அணியிலிருந்து போனவர் மறுபடி டெஸ்ட் ஆடியது 1966-67ல். மாற்று ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் பொறுமை எவ்வளவு குறைவு, அதிலும் யாருக்கு இன்னும் குறைவு என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சென்னை சேப்பாக்கத்துக்கு வருவோம். 2016 டிசம்பர். ரஹானேவுக்கு விரலில் காயம். அந்த இடத்தில் ஆடிய கருண் நாயர் தன் மூன்றாவது டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 303 நாட் அவுட். சேவாகுக்கு அடுத்து முச்சதம் அடித்த ஒரே இந்தியர். மலையாளக் குடும்பம், வளர்ந்தது பெங்களூரு. அந்த ஜூலையில்தான் ஆரன்முளை அருகே பம்பை ஆற்றில் படகு கவிழ்ந்து ஊர்க்காரர்களால் காப்பாற்றப்பட்டிருந்தார். அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரி, ஹைதராபாத். ரஹானே குணமாகி வந்துவிட்டார். கருண் வெளியே!

ஒரு ஆட்டத்தை வைத்து ரஹானேயின் இரண்டு வருட உழைப்பை மறந்துவிட முடியாது என்றார் கோலி. யோசித்துப் பார்த்தால் அது நியாயமான பேச்சுதான். காயம் பட்டவன் தன் இடத்தை இழக்கக் கூடாது என்பது நல்ல விதி. இல்லாவிட்டால் யாரும் காயத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். பிரச்சினை அதற்கப்புறம்தான். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நாலு இன்னிங்ஸ் ஆடி ரன் வரவில்லை, எட்டு வருடம் டெஸ்ட் இல்லை. ஒரு முச்சதத்தைப் பார்த்து இடம் தர மாட்டோம், நாலு சின்ன ஸ்கோரைப் பார்த்து வெளியே அனுப்புவோம் என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே?

நான்காம் எண் கதை இன்னும் தமாஷ். 2018 அக்டோபரில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அம்பாட்டி ராயுடு சதம். உலகக்கோப்பைக்கு நான்காம் எண் ஆள் கிடைத்துவிட்டார் என்றார்கள். நவம்பர் 1ல் தொடரின் கடைசி ஆட்டம் திருவனந்தபுரத்தில். எதிரணி 104க்கு ஆல் அவுட். இந்தியா 14.5 ஓவரில், ஒரு விக்கெட் மட்டும் இழந்து முடித்தது. ராயுடுவுக்கு பேட்டிங்கே வரவில்லை. ஆறு மாதத்தில், 2019 ஏப்ரலில், அவர் பெயர் அணியில் இல்லை. பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங் மூன்றும் தருகிறார் என்று தமிழ்நாட்டின் விஜய் சங்கரை எடுத்தார்கள். விஜய்க்குக் கால்விரலில் அடிபட்டதும் அதுவரை ஒருநாள் ஆட்டமே ஆடியிராத மயங்க் அகர்வாலைக் கூப்பிட்டார்கள். ரிசர்வ் பட்டியலில் இருந்த ராயுடு மனம் வெறுத்து ஓய்வே அறிவித்துவிட்டார். அரையிறுதியில் 5 ரன்னுக்கு 3 விக்கெட், நியூசிலாந்திடம் 18 ரன்னில் தோல்வி. அதுவும் எங்கே? பெய்க் சதம் அடித்த அதே ஓல்ட் டிராஃபோர்டில். நான்காம் எண்ணில் அன்று இறங்கியவர் பந்த். உலகக்கோப்பைக்கு முதலில் அறிவித்த 15 பேரில் அவர் இல்லவே இல்லை :-)

இப்போது சஞ்சுவிடம் வருவோம். 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் ஒரு ஆட்டக்காரருக்குக் காயம், மாற்றாக சஞ்சு போனார். காயம் பட்டவர் யார்? அதே ராயுடு! ஹராரேயில் 19 ரன். அடுத்த டி20 ஆடியது 2020 ஜனவரி 10, புனேயில். நடுவில் இந்தியா 73 டி20 ஆடி முடித்திருந்தது. நாலரை வருடக் காத்திருப்புக்குப் பின் முதல் பந்து சிக்ஸர், இரண்டாவது பந்து எல்.பி.டபிள்யூ. அவசரம் என்று திட்டினார்கள். அடுத்த வாய்ப்பு எப்போது என்றே தெரியாதவன் வேறு எப்படி ஆடுவான்?

2024 உலகக்கோப்பைக்குப் பின் ரோஹித்தும் கோலியும் டி20யிலிருந்து விலகினார்கள். ஜூலையில் இலங்கையில் சஞ்சு அடுத்தடுத்து இரண்டு டக். பழைய வழக்கப்படி அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்று அவரே 2025ல் அஸ்வினின் யூட்யூப் பேட்டியில் சொன்னார். கேப்டன் சூர்யகுமார், அடுத்த 7 ஆட்டங்களும் நீதான் ஓப்பனர் என்றாராம். பயிற்சியாளர் கம்பீர், 21 டக் அடித்தால்தான் உன்னை எடுப்பேன் என்றாராம். அந்த ஏழு ஆட்டங்களின் ஸ்கோரைப் பாருங்கள்: 29, 10, 111, 107, 0, 0, 109 நாட் அவுட்.

மூன்று சதம், இரண்டு டக். பழைய கணக்குப்படி முதல் இரண்டு ஆட்டத்தோடே வெளியே போயிருப்பார். மூன்றாவது ஆட்டத்தில் வந்த 111 (47 பந்து) யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். தென் ஆப்பிரிக்காவில் இரண்டு டக்குக்குப் பிறகு ஜோஹன்னஸ்பர்க்கில் ஆடியிருக்கவும் மாட்டார்.

இங்கே எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் மாற்றாக ஒருவரை எடுப்போம். எத்தனை மாதம், என்ன வேலை, போனவர் திரும்பினால் இவருக்கு என்ன என்பதெல்லாம் முதல் நாளே கடிதத்தில் இருக்கும். அந்த ஆள் வேலையை நிதானமாகப் பார்ப்பார். கிரிக்கெட்டில் அப்படிக் கடிதம் கொடுக்க முடியாதுதான். ஆனால் ஏழு ஆட்டம் என்று ஒரு வாய்ச்சொல் கொடுக்கலாமே. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கருண் நாயர் 2024-25ல் விஜய் ஹசாரேயில் 779 ரன், சராசரி 389.5. ரஞ்சி இறுதியில் விதர்பாவுக்காக 86, 135. எதிரணி யார்? முதன்முறையாக இறுதிக்கு வந்திருந்த கேரளம்! ஆட்டம் டிரா, முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை விதர்பாவுக்கு. நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3, ஆஸ்திரேலியாவில் 1-3 என்று தோற்று, ரோஹித், கோலி டெஸ்டிலிருந்து ஓய்வும் பெற்ற பின், 2025ல் இங்கிலாந்து போக கருணுக்கு அழைப்பு வந்தது. நாலு டெஸ்ட் கொடுத்தார்கள். 205 ரன், ஒரு அரைசதம். அதோடு நிறுத்தினார்கள். இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தொடர் முழுக்கப் பார்த்தார்கள். ஆனால் அதே தொடரில் சென்னைப் பையன் சாய் சுதர்சன் முதல் டெஸ்டில் 0, 30 அடித்ததும் உட்கார வைக்கப்பட்டார். மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. நவம்பரில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராகக் கொல்கத்தாவில் மூன்றாம் எண்ணில் வாஷிங்டன் சுந்தர், அடுத்து கௌஹாத்தியில் மறுபடி சாய். தொடர் 0-2. தோற்கிற அணிக்கு முதலில் போவது பொறுமைதான். ஆனால் புது ஆட்டக்காரருக்குப் பொறுமை அதிகமாகத் தேவைப்படுவதும் தோற்கிற அணியில்தான்.

சஞ்சுவின் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. 2025 தொடக்கத்தில் இங்கிலாந்தின் வேகத்தில் திணறினார். செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு ஷுப்மன் கில் திரும்பியதும் ஓப்பனர் இடம் போய் நடுவரிசைக்கு இறங்கினார். டிசம்பரில் உலகக்கோப்பை அணி அறிவித்தபோது கில் பெயர் இல்லை, சஞ்சு பெயர் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஐ.பி.எல்லில் அவர் நம்ம சென்னை அணிக்கு மாறியிருந்தார்.

காரியவட்டத்தில் அன்று கத்தியவர்களுக்கு ஏழு ஆட்டக் கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. தங்கள் ஊர்ப் பையன் நாலு வருடத்துக்கு மேல் ஒரு ஆட்டத்துக்காகக் காத்திருக்கிறான் என்பது மட்டும் தெரியும். தேர்வுக்குழு ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்கும்போது எத்தனை ஆட்டம் என்பதையும் அவரிடம் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். பெய்க்குக்கும் ராமனுக்கும் அதை யாரும் சொல்லவில்லை.