கீலில் பிறந்த வினைச்சொல்

ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் அன்றாடம் புழங்கும் ‘பெகார்’ என்ற வினைச்சொல்லுக்கு மூலம் லத்தீனின் ‘பிகாரே’. ‘பிக்ஸ்’ என்பது கீல். ‘பிகாரே’ என்றால் கீல் பூசுதல். திராட்சை மது கசியாமலிருக்க மண்சாடிகளின் உட்புறத்தில் ரோமானியர்கள் கீல் பூசினார்கள். மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்கவும் அதுவே பயன்பட்டது.

ஐபீரியத் தீபகற்பத்தில் இத்தொழில் நெடுங்காலம் நீடித்தது. ஸ்பெயினின் சோரியா, புர்கோஸ் மலைப்பகுதிகளில் பைன் கட்டைகளைச் சூளையிலிட்டுக் கீல் இறக்கியவர்களுக்குப் ‘பெகேரோ’ என்று பெயர். ஆட்டுத்தோல் மதுப்பைகளின் உட்புறத்திலும் கீல் பூசப்பட்டது. போர்த்துகலில் மன்னர் தினிஸ் (1279–1325) விரிவாக்கிய லெய்ரியா பைன் காடு, பிற்காலக் கப்பல் கட்டுமானத்துக்கு மரமும் கீலும் தந்தது. கடலோடிய இரு நாடுகளிலும் இந்தச் சொல் பட்டறைக்கு வெளியே பரவியதில் வியப்பில்லை.

பூசிய கீல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ‘ஒட்டு’ என்பதே இச்சொல்லின் நடுப்பொருளாயிற்று. ஸ்பானியத்தில் பசைக்குப் ‘பெகமெந்தோ’ என்றும், ஒட்டுப்படத்துக்குப் ‘பெகத்தீனா’ என்றும் பெயர். மனத்தின் ஒட்டுதலை இரு மொழிகளும் ‘அபேகோ’ என்கின்றன. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும், தீப்பற்றுவதும் இந்த வினையால்தான் சொல்லப்படுகின்றன. கேட்டவுடன் மனத்தில் தங்கிவிடும் மெட்டை ஸ்பானியர்கள் ‘பெகதீசோ’ என்பார்கள். இதுவரை இரு மொழிகளும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் போகின்றன.

அதற்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. ஒருவர் கன்னத்தில் அறையை ‘ஒட்டுவது’ என்ற வழக்கிலிருந்து ஸ்பானியத்தில் ‘அடி’ என்ற பொருள் வளர்ந்தது. அடி என்ற பெயர்ச்சொல் இல்லாமலே இன்று வினை தனித்து அப்பொருளைத் தருகிறது. துப்பாக்கியால் சுடுவதும், கூச்சலிடுவதும், துள்ளிக் குதிப்பதும், வெயில் கொளுத்துவதும் இதே வினையின் கீழ் வந்துவிட்டன.

போர்த்துகீசியம், குறிப்பாகப் பிரேசிலில், வேறு பக்கம் திரும்பியது. ஒட்டுவது பற்றுவதாகி, பற்றுவது பிடிப்பதாயிற்று. தமிழில் ‘பிடி’ செய்யும் வேலைகளில் பலவற்றை அங்கே ‘பெகார்’ செய்கிறது: பேருந்தைப் பிடிக்கலாம், சளி பிடிக்கலாம், திருடனைப் பிடிக்கலாம். வண்டியின் இயந்திரம் கிளம்பினாலும், நட்ட செடி வேர்கொண்டாலும் இந்தச் சொல்தான். பிள்ளைகளின் ‘தொட்டுப் பிடிச்சு’ விளையாட்டுக்குப் ‘பெகா-பெகா’ என்று பெயர். போர்த்துகலில் பேருந்தைப் பிடிக்க ‘அபன்யார்’ என்ற வேறு வினை உண்டு. அதே ‘அபன்யார்’ பிரேசிலில் ‘அடி வாங்கு’ என்றும் பொருள்படும்.

போர்த்துகலின் காளை விளையாட்டில் ‘பெகா’ என்பது ஆயுதமின்றிக் காளையைப் பிடித்து நிறுத்தும் கட்டம். எட்டுப் பேர் வரிசையாக நிற்க, முன்னால் நிற்பவர் பாய்ந்து வரும் காளையின் தலையை மார்போடு அணைத்துப் பிடிக்கிறார். மற்றவர்கள் அவரைத் தாங்கிக் காளையை அடக்குகிறார்கள்.

இந்தப் பிரிவின் விளைவு எல்லையோர ஊர்களில் நன்கு தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லும் பிரேசிலியப் பேச்சு, ஸ்பானியக் காதில் குழந்தையை அடிக்கச் சொல்வதுபோல் விழும். தூக்கத்தைப் பற்றிய வழக்குகள் இன்னும் சுவையானவை. கண் மூடவில்லை என்பதை ‘கண்ணை ஒட்டவில்லை’ என்பது ஸ்பானியர் வழக்கு. அங்கே போர்த்துகீசியருக்கு ஆணியடிக்கும் வினையான ‘ப்ரெகார்’ வந்து நிற்கிறது. ஆனால் பிரேசிலில் ஒருவர் தூங்கிப்போனால், தூக்கத்தைப் ‘பெகார்’ செய்தார் என்பார்கள்.

பிரேசிலியர்களின் அரசியல் பேச்சிலும் இச்சொல்லுக்கு நிலையான இடம் உண்டு. சட்டமன்றத்தில் நிறைவேறியும் மக்களிடையே நடைமுறைக்கு வராத சட்டத்தை, அங்கே ‘பெகார்’ ஆகாத சட்டம் என்றே சொல்கிறார்கள்.