பகுதிக் கருப்பை நீக்கமும் குருதிப்போக்கும்

பகுதிக் கருப்பை நீக்கம் என்பது கருப்பையின் மேற்பகுதியை மட்டும் அகற்றி, கருப்பை வாயை உடலிலேயே விட்டுவிடும் அறுவை மருத்துவமாகும். கருப்பையை எடுத்த பிறகும் மாதந்தோறும் சிறிது இரத்தம் வருவதைக் கண்டு சில பெண்கள் அஞ்சுவதுண்டு. அதற்கான காரணம் இவ்வறுவை வளர்ந்த வரலாற்றோடு பிணைந்தது.

1843 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் கிளே என்ற மருத்துவர், சூலகக் கட்டி என்று எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். மயக்க மருந்து அறுவைக்கூடங்களுக்கு வராத காலம் அது. உள்ளே இருந்ததோ கருப்பைத் தசைக்கட்டி. கருப்பையின் பெரும்பகுதியை அவர் அகற்றினார். குருதிப்போக்கால் அப்பெண் விரைவிலேயே இறந்தார்.

1853இல் அமெரிக்காவின் லோவெல் நகரில் வால்ட்டர் பர்ன்ஹாம் என்பவரும் இதேபோல் நோயைத் தவறாகக் கணித்தார். அறுவையின்போது நோயாளி வாந்தியெடுக்க, கட்டியோடு கருப்பை வெளியே பிதுங்கியது. திரும்ப உள்ளே தள்ள இயலவில்லை. வேறு வழியின்றி இருபுறக் கருப்பைத் தமனிகளையும் கட்டிவிட்டு, வாய்க்கு மேலே வெட்டியெடுத்தார். அப்பெண் பிழைத்தார். இவ்வெற்றியில் தற்செயலின் பங்கே மிகுதி எனலாம்; அவர் அடுத்துச் செய்த 15 அறுவைகளில் 3 பெண்களே உயிர் தப்பினர்.

1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எடோர்டோ போரோ, வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் நீக்கினார். எஞ்சிய அடிப்பகுதியைக் கம்பியால் இறுக்கி, வயிற்றுக் காயத்தின் கீழ்முனையில் பொருத்தினார். இரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும் என்பது இம்முறையின் வசதி. தாயும் சேயும் பிழைத்தனர்.

அக்காலத்தில் வாய்ப்பகுதியை விட்டுவைத்ததற்கு முதன்மைக் காரணம் அச்சமே. அதை அகற்றினால் பிறப்புவழி திறக்கும். கிருமிகள் வயிற்றுக்குள் புகும். 1929இல் அமெரிக்காவின் எட்வர்ட் ரிச்சர்ட்சன் முழுக் கருப்பை நீக்க முறையை விளக்கினார். பின்னர் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இரத்தம் ஏற்றும் வசதியும் பரவ, எஞ்சிய வாயில் புற்றுநோய் வரக்கூடும் என்ற கவலையும் சேர்ந்து, முழு நீக்கமே வழக்கமாயிற்று.

வாயை விட்டுவைத்தால் சிறுநீர்ப்பையும் பாலுறவு வாழ்வும் பாதிக்கப்படா என்ற கருத்தால் 1980களில் பகுதி நீக்கம் மீண்டும் எழுந்தது. 2002இல் பிரிட்டனில் வெளியான, 279 பெண்களைக் கொண்ட ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. இரு முறைகளிலும் அவ்விளைவுகள் ஒத்திருந்தன. பகுதி நீக்கத்தில் உடல் தேறுவது விரைவாயிருந்தது. ஆனால் 6.8 விழுக்காட்டினருக்கு மாதாந்திரக் கசிவு தொடர்ந்தது.

எஞ்சிய வாயின் மேல்முனையில் கருப்பை உள்வரிச் சவ்வு சிறிது தங்கிவிடுவதே இதற்குக் காரணம். சூலகங்கள் இயங்கும்வரை அச்சவ்வு மாதந்தோறும் உதிரும். ஜெர்மனியின் குர்ட் செம், வாயின் உட்பகுதியைக் குடைந்தெடுக்கும் முறையை 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். வாய்க்குழலின் மேற்பகுதியைச் சுட்டுவிடுவோரும் உண்டு. அப்படியும் சிலருக்குக் கசிவு நிற்பதில்லை.

அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் காணும் இலேசான கசிவு இதனின்று வேறு; அது புண் ஆறும்போது வருவது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு இரத்தம் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். வாய் இருப்பதால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் வழக்கம்போல் தொடரும்.