நூறு கலம் நெல்லும் டெல்லி நாற்காலியும்

1953 ஜனவரி 28. டெல்லி நாடாளுமன்ற மாளிகையில் சங்கீத நாடக அகாதெமியைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். கலைகளுக்கென்று குடியரசு இந்தியா அமைத்த முதல் தேசிய அகாதெமி அதுதான். பெயரில் சங்கீதம் இருக்கிறது, நாடகம் இருக்கிறது, ஆட்டத்தைத்தான் காணோம். சங்கீதம் என்ற சொல்லுக்குள்ளேயே பாட்டு, வாத்தியம், ஆட்டம் மூன்றும் அடக்கம் என்று பழைய வடமொழி நூல்களைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம்.

அகாதெமியின் முதல் தலைவர், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி.ராஜமன்னார். தெலுங்கில் நாடகம் எழுதியவர், நல்ல ரசிகர். சலங்கை கட்டியவரல்ல. 1961 வரை சென்னையில் தீர்ப்பு எழுதிக்கொண்டே டெல்லி அகாதெமிக்கும் தலைமை வகித்தார். அது எப்படிப்பட்ட பதவி என்பதை இந்த ஒன்றே சொல்லிவிடும். பிழைப்புக்கான வேலையல்ல, வேறு வேலை உள்ள பெரிய மனிதருக்கு அரசு போட்ட கௌரவ நாற்காலி.

ஆட்டத்துக்கு அரசு பதவி கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. யார் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருக்கிறார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதுவரை கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் பங்கு யாருக்குப் போகும் என்பதற்கும் ஏற்பாடு உண்டு. இதை கௌரவப் பதவி என்று யாரும் சொல்ல முடியாது. பெயரும் கூலியும் ஒரே கல்லில் இருந்தன.

மன்னர்கள் போனபோது இந்த ஏற்பாடும் போயிற்று. 1855இல் ஆண் வாரிசில்லாமல் தஞ்சை மன்னர் சிவாஜி இறக்க, அரண்மனையை நம்பியிருந்த கலைக் குடும்பங்கள் ஊர் மாறின. மைசூரில் வழக்கம் இன்னும் கொஞ்சகாலம் நீடித்தது. நடனக் கலைஞர் வெங்கடலட்சம்மா 1939இல் அங்கே ஆஸ்தான விதுஷி, அதாவது அரசவைக் கலைஞர், ஆனார். சென்னை மாகாணத்தில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய போராட்டத்தின் முடிவாக, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அநீதி ஒழிந்தது. கூடவே, ஆட்டத்தைக் குலத்தொழிலாகக் கொண்டவர்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. இந்தக் கணக்கை டெல்லி எப்படி நேர் செய்தது என்பதுதான் கேள்வி.

அரைகுறையாகத்தான். நடனத்துக்கான முதல் அகாதெமி விருதுகள் 1955இல் வந்தன. கதக்கிற்கு சம்பு மகராஜ், பரதநாட்டியத்துக்கு டி.பாலசரஸ்வதி. தஞ்சை அரண்மனையில் ஆடிய பாப்பம்மாளின் வழிவந்தவர் பாலசரஸ்வதி. சென்னைச் சட்டம் யாருடைய மரபுக்கு முற்றுப்புள்ளி வைத்ததோ, அந்த மரபின் பெண்ணுக்கு எட்டே ஆண்டுகளில் டெல்லி மாலை போட்டது. மாலைதான்; பங்கும் வீடும் இல்லை.

பதவி என்று பார்த்தால், ருக்மிணி தேவி அருண்டேலுக்குக் கிடைத்ததுதான் முன்னோடி. கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை தெரிந்த பன்னிரண்டு பேரைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்கு நியமிக்கலாம் என்கிறது அரசியல் சட்டம். 1952ஆம் ஆண்டின் முதல் பட்டியலில் நடிகர் பிருத்விராஜ் கபூர், விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ் ஆகியோருடன் அவர் பெயரும் இருந்தது. கலாக்ஷேத்ராவை நிறுவியவர் அவையில் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அவர் கொண்டுவந்தது விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் தனிநபர் மசோதா. அரசே சட்டம் செய்யும் என்று நேரு வாக்குக் கொடுத்ததும் திரும்பப் பெற்றார்; 1960இல் சட்டம் வந்தது. நாட்டியத்துக்காகக் கொடுத்த இடத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் பரிந்து பேசியவர் அவர்.

அகாதெமி கையில் நெல் இல்லாவிட்டாலும் முத்திரை இருந்தது. எதைச் செவ்வியல் என்று சொல்வது என்ற அந்த முத்திரைக்கு விலை அதிகம். 1958இல் டெல்லியில் அகாதெமி நடத்திய நடனக் கருத்தரங்கில் ஒடிசியின் வழக்கை அதன் ஆர்வலர்கள் வாதாடினார்கள். அதன்பின் ஒடிசி மற்ற சாஸ்திரிய நடனங்களுடன் ஒரே வரிசையில் அமர்ந்தது.

ராஜமன்னாருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். ஆஸ்தான விதுஷியை வைத்திருந்த அதே அரண்மனை! அடுத்து இந்திரா காந்தி. பிரதமரான பிறகும் தொடர்ந்தார். பிறகு ராஜதந்திரி கே.பி.எஸ்.மேனன், கமலாதேவி சட்டோபாத்யாய், கிரீஷ் கர்னாட், பூபேன் ஹசாரிகா. மேடையில் நடனம் ஆடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் அதில் அமர அரை நூற்றாண்டு ஆயிற்று. 2003இல் சோனல் மான்சிங் வந்தார். 2010இல் லீலா சாம்சன், 2022இல் சந்தியா புரேச்சா. இவர்களுக்கெல்லாம் முன்பே தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு பழைய பாணியிலேயே போனது: சுவர்ணமுகியை அரசவை நர்த்தகி ஆக்கியது. அரசவை இல்லாத காலத்தில் அரசவை நர்த்தகி. அந்தப் பெயரில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

கௌரவப் பதவி என்றால் உண்மையில் என்ன என்ற கேள்வி 2006இல் டெல்லியையே உலுக்கியது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுத் தலைவர் என்ற, உறுப்பினர்கள் வகிக்கக் கூடாத ஆதாயம் தரும் பதவியை வகித்ததற்காக நடிகை ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். அவர் பணம் வாங்கினாரா என்பதல்ல, அந்தப் பதவியில் பணம் வாங்க இடமிருக்கிறதா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சூட்டில் பதவி விலகியவர்களில் ஒருவர் கபிலா வாத்ஸ்யாயன். அச்சன் மகராஜிடம் கதக் கற்றவர், கல்வி அமைச்சகத்தில் பல ஆண்டுகள் கலைத் திட்டங்களை வகுத்தவர், இந்திரா காந்தி தேசிய கலை மையத்தை உருவாக்கியவர். நியமன உறுப்பினராகி ஒரு மாதம் ஆவதற்குள், 2006 மார்ச்சில், ஆதாயம் தரும் பதவி என்ற சர்ச்சையில் வெளியேறினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அரசு அவரை மீண்டும் நியமித்தது. 2012 வரை அவையில் இருந்தார்.