மழைக்கு முன்னாடி அடிச்சாத்தான் மருந்து: ஒரு காபி நோயின் கதை

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து முடிந்து, தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் வராத நேரம். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் வானத்து நீலத்தில் ஏதோ கலக்கிக்கொண்டிருந்தார்கள். போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் தண்ணீரும், அவ்வளவுதான். செடிகளைப் பார்த்தேன், இலையெல்லாம் பளபளவென்று பச்சையாக இருந்தது. நோயே இல்லையே, எதற்கு மருந்து என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மழைக்கு முன்னாடி அடிச்சாத்தான் இது மருந்து. நோய் வந்தப்புறம் அடிச்சா வெறும் பெயிண்டுதான்."

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு எவ்வளவு காலம் ஆனது, அதற்குள் யாரெல்லாம் விலை கொடுத்தார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். அந்த விலையில் பெரும்பங்கு நம் ஆட்கள் கொடுத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி

கதை இலங்கையில் தொடங்குகிறது. இன்று இலங்கை என்றால் தேயிலை. ஆனால் 1870களில் அது காபித் தீவு. கண்டியைச் சுற்றியிருந்த மலைக்காடுகளை வெட்டி, சரிவு சரிவாக ஒரே பயிரை நட்டிருந்தார்கள். நல்ல வருஷங்களில் ஏறத்தாழ 10 கோடி பவுண்டு காபி கப்பலேறியது.

1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. கையால் தடவினால் விரலில் ஒட்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார், பூஞ்சைகளைப் படிப்பதில் பெரிய ஆள், நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்றால் லத்தீனில் நாசம் செய்பவள். தோட்டத் துரைமார்கள் இதைக் கிண்டலாக 'நாசக்காரி எமிலி' என்றார்கள். கிண்டல் ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

இந்த நோய் செடியை ஒரே அடியில் கொல்லாது. இலையை உதிர்க்கும். மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிரும். ஒவ்வொரு முறையும் செடி கொஞ்சம் இளைக்கும், காய்ப்பு கொஞ்சம் குறையும். இதில்தான் ஏமாந்தார்கள். முதல் சில வருஷங்கள் காபி விலை நன்றாக இருந்ததால் விளைச்சல் குறைந்தது உறைக்கவில்லை. காரணம் மண், காரணம் வானிலை, உரம் போதவில்லை என்று சொல்லி, மேலும் மேலும் காட்டை வெட்டிக் காபி நட்டார்கள். அதாவது பூஞ்சைக்கு மேலும் மேலும் இலை போட்டுப் பந்தி வைத்தார்கள்.

இருபத்தைந்து வயது இளைஞர்

1880இல் நோயை ஆராய ஹாரி மார்ஷல் வார்டு என்பவரை அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 25. இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் செய்த வேலையைப் படித்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் அங்கங்கே வைத்தார். காற்றில் வந்த பூஞ்சை வித்துகள் அவற்றில் ஒட்டின. ஆக நோய் மண்ணிலிருந்து வரவில்லை, காற்றில் வருகிறது. அடுத்து, காய்ந்த இலையில் வித்தைப் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டதும் முளைத்தது. முளைத்த நூல் இலையின் அடிப்புறத்துத் துளை வழியாக உள்ளே நுழைந்தது. நுழைந்த பிறகு இரண்டு மூன்று வாரம் வெளியே ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் மஞ்சள் புள்ளி, ஆரஞ்சுப் பொடி.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நம் கண்ணுக்குப் புள்ளி தெரியும்போது திருடன் வீட்டுக்குள் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இலைக்குள் இருக்கும் பூஞ்சையைப் போர்டோ கலவை மாதிரி வெளியில் மட்டும் படிந்து நிற்கும் மருந்து தொடாது. அப்படிப்பட்ட மருந்தால் அதைத் தடுக்க ஒரே சந்தர்ப்பம்தான் இருக்கிறது. மழைத்துளி இலையில் விழுந்து, அதில் வித்து முளைத்து, துளையைத் தேடும் அந்தச் சில மணி நேரம். மருந்து அதற்கு முன்பே இலையில் காத்திருக்க வேண்டும். ஏற்காட்டு மேஸ்திரி சொன்னதன் காரணம் முழுக்க இதுதான்.

வார்டு இதைப் புரிந்துகொண்டார். ஆனால் இலையில் எதைப் பூசுவது? பேராதனையில் இருந்த டேனியல் மாரிஸ் என்பவர் ஏற்கெனவே கந்தகத்தையும் சுண்ணாம்பையும் பொடியாகத் தூவிப் பார்த்திருந்தார். தூவினால் ஓரளவு வேலை செய்யும், ஆனால் இலங்கை மலையில் வருஷத்துக்கு இரண்டு பருவமழை. பொடி எத்தனை நாள் நிற்கும்? வார்டால் மருந்து என்று ஒன்றைக் கையில் கொடுக்க முடியவில்லை. துரைமார்களுக்கு ஏமாற்றம். அவர் 1882இல் கிளம்பிவிட்டார்.

திருடர்களுக்கு வைத்த வண்ணம்

அதே 1882. அக்டோபர் மாதம். பிரான்சில் போர்டோ நகருக்குப் பக்கத்தில் மெதோக் என்ற திராட்சைப் பகுதி. அங்கேயும் ஒரு ஈரக்கால நோய், அடிச்சாம்பல் நோய், 1878இல் அமெரிக்காவிலிருந்து வந்து கொடிகளை மொட்டையாக்கிக்கொண்டிருந்தது. பியர் மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் சான் ஜூலியன் ஊர்த் தோட்டங்கள் வழியாக நடந்துபோகிறார். எல்லாக் கொடியும் இலையுதிர்ந்து நிற்க, பாதையோரத்துக் கொடிகளில் மட்டும் இலை இருக்கிறது. அந்த இலைகளில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ தெளித்திருக்கிறது.

விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமலிருக்க, விஷம் மாதிரி தெரியட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருக்கிறார்கள். திருடனுக்கு வைத்த பயம் பூஞ்சையைப் பிடித்துவிட்டது!

மில்லார்தே இதை அப்படியே விட்டுவிடவில்லை. தோட்டத்தின் மேலாளர் எர்னெஸ்ட் தாவித், வேதியியல் அறிஞர் உலிஸ் கேயோன் இருவரோடும் சேர்ந்து சோதனைகள் செய்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ மயில்துத்தம், 30 லிட்டர் தண்ணீரில் 15 கிலோ சுட்ட சுண்ணாம்பு, இரண்டையும் கலக்க வேண்டியது. முதலில் சின்னத் துடைப்பத்தால்தான் தெளித்தார்கள். சூட்சுமம் சுண்ணாம்பில் இருக்கிறது. வெறும் மயில்துத்தம் இலையைக் கருக்கிவிடும், மழையில் கரைந்து ஓடிவிடும். சுண்ணாம்பு சேர்ந்தால் செம்பு கரையாத மெல்லிய படலமாக இலையில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்யும்போது அதிலிருந்து துளித்துளியாகச் செம்பு கசியும். வித்து முளைக்க எந்தத் தண்ணீர் வேண்டுமோ அதே தண்ணீர்தான் மருந்தையும் எழுப்பிவிடுகிறது. மாரிஸின் பொடியால் முடியாதது இதுதான்.

வார்டுக்கு ஏன், எப்போது என்று தெரிந்திருந்தது. எது என்று தெரியவில்லை. அது நாலு வருஷம் பிந்தி, வேறொரு கண்டத்தில், வேறொரு பயிருக்குக் கிடைத்தது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. செம்பு பூஞ்சை வித்தைத் தடுக்கும் என்பது அப்போது புதுச் செய்தியே அல்ல. 1807இலேயே பெனெதிக்த் பிரேவோ என்ற பிரெஞ்சுக்காரர் கோதுமையின் கரிப்பூட்டை நோயில் அதைக் காட்டிவிட்டார். விதையை மயில்துத்தத் தண்ணீரில் நனைத்து விதைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. விதைக்குச் செய்ததை இலைக்குச் செய்யலாம் என்று சேர்த்துப் பார்க்க 70 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தகவல் இருந்தது, ஆனால் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தது.

அதற்குள் மலையில்

1880களில் இலங்கைக் காபி சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூழ்கியது. துரைமார்கள் முதலில் சிங்கோனா நட்டார்கள், அதன் விலையும் விழுந்தது. பிறகு தேயிலை. 1875இல் தேயிலை சுமார் 1,000 ஏக்கர். 1895இல் அது 3 லட்சம் ஏக்கர்.

வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு வெற்றிக்கதையாக வரும். நான் நிற்க விரும்புவது வேறு இடத்தில். காபிக்கு ஆள் வேண்டியது பறிப்புக் காலத்தில்தான். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கங்காணியோடு கடல் கடந்து, காட்டுவழியில் நடந்து மலையேறி, பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். ஆனாலும் ஊர் என்று ஒன்று இருந்தது. போய்வருகிற வேலையாக இருந்தது.

தேயிலை அப்படியல்ல. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்களின் கை வேண்டும். குடும்பமாக வந்து லயத்தில் தங்க வேண்டும். போய்வந்த ஜனம் தங்கிய ஜனம் ஆனது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்ததும் அவர்களைத்தான்.

அப்படியானால் போர்டோ கலவை நாலு வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா? ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சரிவுகளில் ஒவ்வொரு செடிக்கும், அதுவும் இலையின் அடிப்புறத்தில் படும்படி, தண்ணீர் சுமந்து தெளிப்பது சாதாரண வேலையில்லை. முதுகில் மாட்டும் தெளிப்பான்கள் பெருகியதே இந்தக் கலவைக்குப் பிறகுதான். பிரேசில் காபியின் போட்டி வேறு. ஆனால் இவ்வளவு சொல்லலாம்: நோய் மட்டும் தீவைக் கவிழ்க்கவில்லை. நிழல் மரம்கூட விடாமல், இடையில் காற்றுத் தடுப்பே இல்லாமல், ஒரே பயிரை மலை மலையாக நட்டதும் சேர்ந்துதான் கவிழ்த்தது. வித்து காற்றில் போகிறது என்று கண்ட வார்டு இதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்தப் பக்கம்

காபித் துரு அதே காலத்தில் தென்னிந்தியாவுக்கும் வந்தது. ஆனால் இங்கே காபி சாகவில்லை. நிழல் மரங்கள், நோயைத் தாங்கும் ரகங்கள், போர்டோ கலவை என்று மூன்றும் சேர்ந்து காப்பாற்றின.

கலவையை நம் மழைக்குப் பழக்கியதில் லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரருக்குப் பெரிய பங்கு. 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர். மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் 'கொளெ ரோகா' என்ற நோய். கொளெ என்றால் கன்னடத்தில் அழுகல். அங்கத்து விவசாயிகள் மழைக்கு முன்பே மரமேறி ஒவ்வொரு குலைக்கும் புல்லிலும் பாளையிலும் செய்த தொப்பியைக் கட்டிவிடுவார்கள். 'கொட்டெ' என்று அதற்குப் பெயர். குலை நனையக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. வார்டு நுண்ணோக்கியில் பார்த்ததை இவர்கள் மரத்தின் உச்சியில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்! கோல்மன் அதே நேரத்தில், அதே குலைக்கு, மழை கழுவாதபடி பிசின் சேர்த்த போர்டோ கலவையை அடிக்கச் சொன்னார். ஏற்கெனவே மழைக்கு முன்னால் மரமேறிப் பழகியவர்களுக்கு அது புரியக் கஷ்டமாக இல்லை. 1925இல் பாலெஹொன்னூரில் காபி ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் இதே கோல்மன்தான்.

இன்றைக்கும் காபிக்கு அரை சதவீதக் கலவை, பருவமழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. 100 லிட்டருக்கு மயில்துத்தம் அரைக் கிலோ, சுட்ட சுண்ணாம்பு அரைக் கிலோ. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. ஒரு கத்தியை நனைத்துப் பார்த்தால் அதில் செம்பு நிறம் படியக்கூடாது, படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்துவிடணும். செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அளவுக்கு மேல் போகவும் கூடாது.

ஏற்காட்டில் அன்று அந்த மேஸ்திரியும் ஒரு கத்தியைத்தான் டிரம்மில் விட்டு எடுத்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. "சரியா இருக்கு, ஏத்துங்கப்பா" என்றார். அண்ணாந்து பார்த்தேன், மேகம் இன்னும் திரளவில்லை. நேரம் இருந்தது. 1882இல் மலைமேல் இருந்தவர்களுக்கு அந்த நேரமும் கிடைக்கவில்லை, இந்த டிரம்மும் கிடைக்கவில்லை.