உப்புக்காற்றில் ஒரு செப்புக்கம்பி

இலங்கைக்கு வானொலி வந்த வழியில் ஒரு கப்பல் இருக்கிறது. 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் பரிசோதனை ஒலிபரப்புச் செய்த கருவி, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் ரேடியோ உதிரிகளைக் கொண்டு செய்தது. அவரோடு நின்றவர்கள் சிலோன் வயர்லெஸ் கிளப் ஆர்வலர்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கியது. பாட்டும் செய்தியும் சனங்களின் நினைவில் நின்றன, அந்த ஆர்வலர்கள் நிற்கவில்லை. கனமூலையிலிருந்து கப்பலுக்குப் போய் ரேடியோ ஒபிசராக வேலை செய்த எனக்கு இது இன்றும் மனக்குறைதான்.

கப்பலில் உத்தியோக ரேடியோ வேறு, ஆர்வத்துக்காக இயக்கும் அமெச்சூர் ரேடியோ வேறு. உத்தியோக அறையில் அன்று 500 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 15ஆம் நிமிடம் முதல் 18 வரையும், 45 முதல் 48 வரையும் அதில் ஒருவரும் அனுப்பக்கூடாது என்பது அப்போதைய விதி. எங்கோ தத்தளிப்பவனின் மெல்லிய சமிக்ஞை கேட்கட்டும் என்பதற்காக. அறை மணிக்கூட்டில் அந்தத் துண்டுகளுக்குச் சிவப்பு பூசியிருந்தது. டியூட்டி முடிந்த பிறகுதான் சொந்த செட். அதற்கும் கப்டனின் சம்மதம் வேண்டும், அழைப்புக்குறியோடு ‘மெரிட்டைம் மொபைல்’ என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிரிட்ஜுக்கு மேலே ஒரு செப்புக்கம்பி இழுப்போம், இரண்டு நுனியிலும் பீங்கான் இன்சுலேட்டர். சீக்கிரமே அதில் உப்புப் படியும். இரவு ஈரம் பட்டதும் வலு கம்பியில் நிற்காமல் இரும்புக்குள் இறங்கிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தபின்தான் செட் பேசும். அதே உப்புத்தண்ணீர் கீழே விரிந்து கிடக்கும்போது பெரிய உதவி. கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலை தாழ்வான கோணத்தில் கிளம்பித் தூரதேசம் போகும்.

1947இல் தோர் ஹெயர்டால் பல்சாக் கட்டைகளால் கட்டிய கொன்-டிக்கி என்ற தெப்பம், பெருவிலிருந்து பொலினீசியாவுக்கு 101 நாட்கள் மிதந்தது. அதில் எல்.ஐ.2.பி என்ற குறியில் செட்டை இயக்கியவர்கள் க்னுட் ஹவுக்லண்டும் டோர்ஸ்டைன் ராபியும். சில வாட் வலுதான் அவர்களிடம் இருந்தது. அந்தச் சின்னச் சத்தத்தைப் பிடித்து, வானிலைக் குறிப்புகளை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பியவர்கள், தங்கள் வீடுகளில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அமெச்சூர்கள். இன்றும் 14.300 மெகாஹெர்ட்ஸில் பாய்மரப் படகுகளைத் தேடி விசாரிப்பவர்கள் அப்படிப்பட்டவர்களே. சம்பளம் கிடையாது. படகில் போனவனைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். என் கணக்கில், கரையில் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கே முதல் மரியாதை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலே ஊருக்குள் வந்தது. இந்திய அமெச்சூர் பாரதி பிரசாத் அப்போது போர்ட் பிளேரில் ஒரு நிலையத்தை இயக்கிக்கொண்டிருந்தார். அலை அடித்துப் போனபின் அந்தமானிலிருந்து அவர் வழியே தகவல் வெளியே வந்தது. நம் நாட்டில் விக்டர் குணதிலக்கவும் இலங்கை ரேடியோ சங்கத்தாரும் கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் சிற்றலை இணைப்பு ஏற்படுத்தினார்கள். மின்சாரமும் போனும் படுத்தபோது பெட்டரியும் கம்பியும் வேலை செய்தன.

கனமூலையில் எங்கள் களப்புக்கு அந்தப் பக்கம் கற்பிட்டி, அதற்கப்பால் திறந்த கடல். இக்கரையில் ஓர் அமெச்சூர் நிலையம் வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. உரிமத்துக்குப் பரீட்சை உண்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதைத் தருகிறது. பாடம் கஷ்டமில்லை. மோர்ஸ் நான் சொல்லித்தருவேன். மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள்.