இன்டர்நெட்2

இன்டர்நெட்2 என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்வகலாசாலைகள் ஆராய்ச்சிக்கும் உயர்கல்விக்குமாகக் கூடி அமைத்த அதிவேகக் கணினி வலையமைப்பும், அதனை நிர்வகிக்கும் ஸ்தாபனமும் ஆகும். அரசாங்க ஆதரவில் நடந்துவந்த என்எஸ்எஃப்நெட் என்னும் வலையமைப்பு 1995 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, இணையம் வர்த்தகக் கம்பெனிகளின் வசமாகி, பொதுமக்களின் உபயோகம் பெருகி நெரிசலுற்ற காலத்தில், விஞ்ஞானப் பெருந்தரவுகளைத் தடையின்றி அனுப்பத் தனிப்பாதை அவசியமென உணர்ந்த 34 சர்வகலாசாலைகளின் பிரதிநிதிகள், 1996 அக்டோபரில் சிகாகோவில் கூடி இம்முயற்சியைத் தொடங்கினர்.

இதன் பிரதான வலையமைப்பாக 1999இல் இயங்கத் தொடங்கிய அபிலீன், 19ஆம் நூற்றாண்டில் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் நகரில் அமைந்த ரயில்முனையின் பெயரைத் தாங்கியது. ஒளியிழை வடங்களின் வழியே வினாடிக்கு 2.5 கிகாபிட்டாக இருந்த அதன் வேகம், பின்னர் 10 கிகாபிட்டாக உயர்த்தப்பட்டது. ஒரே காட்சியை நூறு நிலையங்கள் வேண்டினும், மூலத்திலிருந்து ஒரு பிரதி மட்டுமே புறப்பட, பாதை பிரியும் இடங்களில் ரௌட்டர்களே அதை நகலெடுத்து அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையும், முகவரிப் பஞ்சத்தைப் போக்க வந்த ஐபிவி6 நெறிமுறையும் அபிலீனில் விரிவாகப் பிரயோகிக்கப்பட்டன. தூரதேசத்துத் தொலைநோக்கியை விஞ்ஞானிகள் தம் ஆய்வுச்சாலையிலிருந்தே இயக்கவும், பல ஊர்ச் சங்கீத வித்துவான்கள் ஏககாலத்தில் சேர்ந்து இசைக்கவும் இத்தகைய வேகமே துணைநின்றது.

2007இல் அபிலீன் ஓய்வுபெற்று, இன்டர்நெட்2 வலையமைப்பு என்றே பெயர்கொண்ட புதிய வலையமைப்பு அதன் ஸ்தானத்தை ஏற்றது. ஐரோப்பாவின் ஜேயன்ட் வலையமைப்பும், இந்திய அரசாங்கம் 2010இல் அங்கீகரித்த தேசிய அறிவு வலையமைப்பும் இதே இனத்தைச் சேர்ந்தவை.