சலாபத்து ஓலை நகரம்

மன்னார்ப் பெருநிலக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் அமைந்துள்ள அரிப்பு, வந்து தங்குவோரை நெடுங்காலமாக அறிந்த ஊராகும். கண்டி அரசிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு அவ்வாற்றின் போக்கைப் பின்பற்றித் தப்பி வந்து தஞ்சம் புகுந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையிலேயாகும். ஆயினும், தப்பி வந்த ஒருவர் இருவரை ஏற்பது வேறு. ஆள் நடமாட்டம் அருகிய மணற்கரையொன்றிலே பல்லாயிரவரை ஒருசேரத் தங்கவைப்பது வேறு. பழைய வழக்கிலே சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு இப்பிரச்சினையை இக்கரைக்கு மீண்டும் மீண்டும் தந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகள் இரண்டு. ஒன்று செங்கல்லால் ஆனது; மற்றது ஓலையால் ஆனது.

செங்கல்லால் ஆன விடை பலரும் அறிந்ததே. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆள்பதியான பிரடெரிக் நோர்த், சலாப காலத்தில் தாம் வந்து தங்குவதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பிலே ஒரு மாளிகை எழுப்பினார். அதன் அமைப்பை அவரே வகுத்தார் என்பர். கிரேக்கப் பண்பாட்டில் அவர் கொண்டிருந்த ஈடுபாடு மேலெழுந்தவாரியானதன்று. இலங்கைக்கு வருமுன்னரே கிரேக்கத் திருச்சபையில் இணைந்தவர். பின்னாளில் கோர்பு தீவிலே அயோனியக் கழகத்தை நிறுவியவர். ஆகவே, மன்னார்க் கரையிலே டொரிக் தூண்கள் எழுந்ததில் வியப்பில்லை. தூண்கள் கிரேக்கத்தனவாயினும் அவற்றின் மேற்பூச்சு இவ்வூரினதே. முத்துச்சிப்பியின் ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே பூசப்பட்டு, சலவைக்கல் போல மெருகேற்றப்பட்டது. தொழிலின் கழிவு கட்டடத்தின் அழகாயிற்று. அக்கட்டடத்தில் மிகச் சிறந்த சிந்தனை இதுவேயாகலாம்.

எனினும் அதன் அடிப்படைக் கணிப்பு தவறானது. சலாபம் ஆண்டுதோறும் வருவதன்று. பார்களிலே சிப்பி முதிர்வதும் மறைவதும் கடலின் போக்கைப் பொறுத்தவை. 1838 முதல் 1854 வரை முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1864 முதல் 1873 வரையும் அவ்வாறே. 1891இல் நடந்த சலாபத்தின் பின்னர் 1903 வரை காத்திருக்க நேர்ந்தது. சலாபம் வாய்த்த ஆண்டிலும் அது சில கிழமைகளே நீடிக்கும். வாடைக் காற்று தணிந்து கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களிலே தொடங்கி, சோளகம் எழுமுன் முடிந்துவிடும். கூடும் இடமும் நிலையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே கொண்டச்சிக் கரையிற் கூடிய மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குத் தெற்கே மறிச்சுக்கட்டியிற் கூடினர். காலமும் இடமும் இவ்வாறு நிலையாத ஒரு தேவைக்கு நிலையான மாளிகை எவ்வாறு பொருந்தும்?

ஓலையால் ஆன விடை இந்நிலையாமையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. தூத்துக்குடி, கீழக்கரைப் பகுதிகளிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளியாளர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து செட்டிகளும் சோனக வணிகரும் தட்டாரும் முத்துத் துளைப்போரும் உணவு விற்போரும் வந்தனர். மறிச்சுக்கட்டியிலே கூடியோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டது. 20,000 முதல் 40,000 வரை எனப் பார்த்தோர் பலவாறு எழுதியுள்ளனர். இவர்கள் அனைவருக்கும் சில நாள்களிலே ஒரு நகரம் எழுந்தது. காட்டுத் தடிகளே கால்கள். ஓலையும் கிடுகும் பாயுமே கூரையும் சுவரும். நேரான மணல் வீதிகள், கடைத்தெரு, நீதிமன்றம், வைத்தியசாலை, சிறைக்கூடம் யாவும் இவ்வகையிலேயே அமைந்தன. சிப்பியை எண்ணிப் பங்கிடுவதற்கான ‘கொட்டு’ என்னும் வேலியடைப்பும் அங்கு இருந்தது. அங்கே ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று கூறாக்கப்பட்டு, இரண்டை அரசு எடுத்துக்கொண்டது; எஞ்சிய ஒன்றே குளியாளருக்குரியது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மாத்திரம் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அத்துணைப் பெருந்தொழிலும் ஓலையின் கீழேயே நடந்தேறியது.

இத்தெரிவை வறுமையின் விளைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மன்னார் வரண்ட பிரதேசம். அதன் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்துவிடும். சலாப காலத்திலே மழைக்கு அஞ்சவேண்டியது குறைவு, வெயிலுக்கே அஞ்சவேண்டும். ஓலை வெப்பத்தை உள்ளே தேக்கி வைப்பதில்லை. இடுக்குகள் வழியே கடற்காற்றையும் உள்ளே விடுகிறது. ஓராண்டு, ஈராண்டில் உக்கிப்போவது அதன் குறை எனப்படும். எட்டுக் கிழமை நிற்கவேண்டிய குடிசைக்கு அது குறையாகாது. சலாபம் கலைந்ததும் தடியும் கிடுகும் வேறு வேலைக்குப் போயின. எஞ்சியவை மண்ணோடு மண்ணாயின.

ஆயினும் அந்நகரைப் போற்றிப் பாடுதலும் நேர்மையாகாது. பிரெஞ்சு இசையறிஞர் பிசே 1863இல் அரங்கேற்றிய முத்துக்குளிப்போர் பற்றிய இசைநாடகம் இலங்கைக் கரையைக் காதலின் களமாகக் காட்டுகிறது. அக்கரையின் உண்மையான அடையாளமோ நாற்றம். சிப்பியை நாட்கணக்காக அழுகவிட்டு, பின்னர் கழுவியே முத்தெடுத்தனர். 1906ஆம் ஆண்டுச் சலாபத்திலே யாழ்ப்பாணக் கச்சேரி அலுவலராகப் பணியாற்றிய லெனாட் வுல்வ், தமது தன்வரலாற்று நூலிலே அந்நாற்றத்தையும் ஈக்களின் பெருக்கத்தையும் எழுதிவைத்துள்ளார். நன்னீர் அரிது, மலசல ஒழுங்கு போதாது. வாந்திபேதி பரவியமையாற் சில சலாபங்கள் இடைநடுவிலே நிறுத்தப்பட்டன. ஓலை கெட்ட பொருளன்று. எனினும் நீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்ற வினாக்களுக்கு ஓலையால் விடையளிக்க இயலாது. ஆள்பதிக்குச் செங்கல்லும் குளியாளனுக்குப் பாயும் ஒதுக்கப்பட்டமை கட்டடக்கலை பற்றிய முடிவு மட்டுமன்று என்பதும் இங்கு நோக்கற்பாலது.

1906இலே பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விடப்பட்டன. 1907இன் பின்னர் சிப்பி வாய்க்கவில்லை, கம்பனி கலைந்தது. 1925இலே பெரிய சலாபமொன்று நடந்தது. அதன் பின்னர் அத்தகைய நகரம் அங்கு எழவில்லை.

2009இலே போர் முடிந்த பின்னர் மன்னாருக்கு வருவோர் வேறு வகையினர். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இலே ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வலசை வரும் பூநாரைகளைக் காண மாரிகாலத்திலே பலர் வருகின்றனர். இவர்களுக்காக விடுதி அமைப்போர் சூழலுக்கு இயைந்த கட்டடம் என்று சொல்லி, சீமெந்துக் கூரையின்மேல் அழகுக்குக் கிடுகு வேய்ந்துவிடுதல் எளிது. சலாபத்து நகரிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது அக்கிடுகன்று, அதன் பின்னிருந்த கணக்கேயாகும்: விருந்தினர் எத்தனை கிழமை தங்குவர், எக்காற்று வீசும், எஞ்சிய காலத்தில் அந்நிலம் யாருக்கு உரியது, கரை இன்னும் எத்தனை ஆண்டு அவ்விடத்தில் இருக்கும் என்னும் கணக்கு. முன்னோர் தவறவிட்ட நன்னீரும் கழிவும் அக்கணக்கிலே முதலில் இடம்பெற வேண்டும்.

கரை நகர்கிறது என்பதற்கு நோர்த்தின் மாளிகையே சான்று. தாழ்ந்த மண்மேட்டின் விளிம்பில் நின்ற அதன் பெரும்பகுதியைக் கடலரிப்பு வீழ்த்திவிட்டது. செங்கற் கட்டிகள் கீழே கடற்கரையிற் கிடக்கின்றன. ஓலை நகரம் நின்ற கரைகளிலோ கூரையும் இல்லை, காலும் இல்லை. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொட்டப்பட்டு வெளிறிப்போன சிப்பி ஓடுகள் மணலோடு கலந்து கிடக்கின்றன.